ஒடுக்கு எடுத்த குழல்

துப்பாக்கிக் குழலில் விழுந்த ஒடுக்கை எடுத்த அன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் செல்வநாதன், அவர் மனைவி இருதயம்மாள், இளைய மகன் ஹென்றி, மூத்த மகனின் விதவை ரோசி, வியாசர்பாடியிலிருந்து வந்த கடைசல்காரர் பரசுராமன். பாதியில் வந்து பாதியில் போனவர் ரங்கூன் வீட்டுத் தேவப்பிரியம். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. 'நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்' என்று பின்னாளில் ராயபுரத்தில் சொல்லித் திரிந்தவர்களுக்கு அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்றுகூடத் தெரியாது.

துப்பாக்கிக்காரர் வீடு என்றால்தான் தபால்காரருக்கே புரியும். செல்வநாதனின் தாத்தா, துறைமுகம் கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்குத் துணையாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வாத்து வேட்டைக்குப் போய்வந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேட்டை தாத்தாவோடு போயிற்று. துப்பாக்கி வீட்டில் நின்றது. வருஷத்துக்கு ஒருமுறை, கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறி உச்சியைத் தொடும் நேரத்தில், அந்த வீட்டுத் தலைமகன் கடலைப் பார்த்து நின்று இரண்டு வெடி வெடிப்பான். ரவை இல்லாத வெறுந்தோட்டா. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மணி அடிப்பார்கள், பேண்டு வாசிப்பார்கள், கரையில் வலை உலர்த்துகிறவர்கள் எழுந்து நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அந்த உரிமைக்கு ஒரு கட்டு இருந்தது. எந்த வீட்டு வெடியில் கொடி ஏறிற்றோ, அடுத்த வருஷமும் அந்த வீட்டுக்கே உரிமை. ஒரு வருஷம் தவறவிட்டால், அன்றைக்குச் சுட்ட வீட்டுக்கு அது போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. செல்வநாதனின் வீட்டுக்கும் அது அப்படித்தான் வந்தது. வேறொரு வீடு காலராவில் படுத்த வருஷத்தில் வந்தது. ரங்கூனிலிருந்து திரும்பி வந்த தேவப்பிரியம் குடும்பத்தார் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கி எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அறுபத்தொன்பதில் ஈஸ்டர் கழிந்த வாரம் செல்வநாதனின் மூத்த மகன் வால்டர் இறந்துபோனான். கப்பலில் சரக்கு இறக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தான். கிரேனில் தூக்கிய சரக்கு கயிறு அறுந்து அவன்மேல் விழுந்தது. வீட்டுக்கு வந்தபோதே பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று செல்வநாதன் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் ஆண் பிள்ளை இறந்தால் துப்பாக்கியும் கல்லறைவரை போகும். பெட்டிக்கு முன்னால் தம்பியோ மகனோ குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பான். துரைமார் செய்ததைப் பார்த்து தாத்தா ஏற்படுத்திய வழக்கம். அன்று ஹென்றி பிடித்து நடந்தான். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ஜல்லியில் அவன் கால் புரண்டது. ஒரு முழங்கால் தரையில் ஊன்ற, குழல் தண்டவாளத்தில் மோதிக் கணீரென்று ஒலித்தது. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் ஒரு கணம் நின்றார்கள். செல்வநாதன், "நடங்க" என்றார். நடந்தார்கள்.

பிறகு துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்ததோடு சரி. வீட்டில் உலை கொதித்தது, சோறு வெந்தது, சாப்பிட்டார்கள். ரோசி கணவனின் சட்டைகளைத் துவைத்து மடித்தாள். செல்வநாதன் துறைமுகப் பட்டறையில் பாய்லர் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் முகம் மழிப்பதை ஒருநாளும் விடவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தை யாரோ ஒருவருடையதைப் போலப் பார்த்துக் கத்தியை ஓட்டினார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வராதது பற்றியும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

கொடியேற்றம் நெருங்கியதும் கோயில் கமிட்டியிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: துக்க வீடாயிற்றே, இந்த வருஷம் வெடி எப்படி? செல்வநாதன், "வழக்கம்போல" என்று பதில் சொல்லியனுப்பினார். அதன் பிறகுதான் போர்வையைப் பிரித்தார். இடது குழலின் நடுவில், பெருவிரல் வைத்தால் பதிகிற அளவுக்கு ஒடுக்கு விழுந்திருந்தது. பிடியின் மரக்கட்டையைக் கழற்றிக் குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வலது குழலுக்குள் வெளிச்சம் வளையம் வளையமாக நின்றது. இடதில் வளையங்கள் பாதி வழியில் ஒரு பக்கம் நசுங்கி, அதற்கப்பால் நிழல்.

குழலைக் கீழே வைத்தார். ஹென்றி சுவரைப் பார்த்தான்.

பரசுராமன் வந்தது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் லேத்து ஓட்டுகிறவர். வால்டருக்கு கேரம் ஆட்டத்தில் ஜோடி. இருவரும் சேர்ந்து பேசின் பிரிட்ஜ்வரை போய்ப் பந்தயம் ஆடி ஜெயித்து வந்தவர்கள். செல்வநாதனை அவரும் நைனா என்றுதான் கூப்பிடுவார், நீ என்றுதான் பேசுவார். வேறு யாராவது அப்படிப் பேசினால் செல்வநாதனின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். பரசுராமன் பேசினால் நிமிராது.

"இன்னா நைனா, எளச்சிப் பூட்டே?"

"உக்காரு."

"உக்கார்றேன். அம்மா, கொஞ்சம் தண்ணி குடு. வெயிலா இது? தார் ரோடு செருப்பப் புடுங்கிகினு வுடமாட்டேங்குது."

அழுக்குத் துணி முடிச்சை அவிழ்த்துப் பாயில் வைத்தார். மூன்று பித்தளைக் கட்டைகள், விரல் நீளம், முனை மட்டும் மழுங்கலாகச் சரிந்தவை.

"நீ குடுத்த மர அளவு வச்சி கடைஞ்சேன் நைனா. இது பொடிசு, ஒடுக்குக்கு அடியில நொயையும். இது ஒரு மயிரிழை பெருசு. இது நல்லா கீற குழலோட அளவு. இது தானா வழுக்கிகினு போச்சின்னா வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தம்."

செல்வநாதன் ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் சுற்றித் தடவிப் பார்த்தார். பிசிறு இல்லை. "நல்லா கடைஞ்சிருக்கே" என்றார்.

ஹென்றி தூணில் சாய்ந்து நின்றிருந்தான். "இன்னாத்துக்கு நைனா இத்தினி வேலை? வெறுந்தோட்டாதானே. ரவையா போடப் போறோம்? புகை போறதுக்கு வழி கீதில்ல? நான் சுட்டுட்டு வந்துடறேன்."

"தோட்டாவுக்குள்ள இன்னா வச்சிருக்கான் உங்க அண்ணன்?"

"மருந்து."

"மருந்துக்கு மேல?"

"தக்கை."

"தக்கைக்கு மேல?"

தக்கைக்கு மேல் என்ன என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சத்தம் காசிமேடுவரை கேட்கவேண்டும் என்பதற்காக நனைத்த சணலை மருந்தின்மேல் இடித்து இடித்து அடைத்து நிழலில் உலர்த்துவார்கள். கடையில் விற்கும் தோட்டாவில் அந்தச் சத்தம் வராது. இந்த வருஷத் தோட்டாக்களை வால்டர் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்திலேயே கட்டி டப்பாவில் வைத்திருந்தான்.

"ரவைன்னா கூட செதறிகினு பூடும்டா. அந்தச் சணலு கல்லு மாதிரி. ஒடுக்குல வந்து அது நிக்கும். பின்னால வர்ற நெருப்பு நிக்காது. குழலைக் கிழிச்சிகினு இப்பிடி வரும்" என்று செல்வநாதன் தன் இடது கையை மகனின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். "இடது கை குழலைத் தாங்கிகினு கீது. முகம் மேல கீது. இன்னா மிஞ்சும்?"

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த இருதயம்மாளின் கை நின்றது. பிறகு மறுபடி கழுவிற்று.

செல்வநாதன் மருமகளைக் கூப்பிட்டார். "ரோசி, தோட்டா டப்பாவை எடுத்துகினு போயி உன் பெட்டியில வச்சிப் பூட்டு. வேலை முடியற மட்டும் இந்தக் கூடத்துல ஒண்ணு கூட இருக்கக்கூடாது."

"சரிங்க மாமா."

அவள் எடுத்துப்போன பிறகு, துப்பாக்கியை மடித்து, இரண்டு குழலின் பின்வாயிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பரசுராமனையும் விடச் சொன்னார். ஹென்றியையும் விடச் சொன்னார்.

"அதான் காலியா தெரியுதே நைனா."

"கண்ணுக்குத் தெரிஞ்சா போதாது. விரலை விடு."

விட்டான். அதன்பின் மரக்கட்டையைக் கழற்றி மூலையில் சாத்தினார். விசையும் இல்லை, தோட்டாவை அடிக்கும் குதிரையும் இல்லை. இப்போது அது இரண்டு இரும்புக் குழாய். சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் கிடத்தினார்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கோலில் சுற்றிக் குழலைத் துடைத்தார்கள். துணியில் கறுப்பு வந்தது, பிறகு பழுப்பு, பிறகு ஒன்றும் வரவில்லை. விளக்கெண்ணெய் தடவிய சிறிய கட்டையைப் பின்பக்கமாக உள்ளே விட்டு மரக்கோலால் செல்வநாதன் தள்ளினார். ஒடுக்கின் அடியில் போய் அது இறுகி நின்றது. கோலில் பெருவிரல் வைத்து அடையாளம் பிடித்து, வெளியே அதே இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். ரோசி வெந்நீரில் முக்கிய துணி கொண்டுவந்தாள். அதை அந்த இடத்தில் சுற்றி, குழல் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்து எடுத்தார்.

"இப்ப தட்டு" என்றார் பரசுராமன்.

"நான்தான் தட்டணும். தெரியும்."

சின்னப் பித்தளைச் சுத்தி. பட்டறையில் பாய்லர் குழாய்களை விரித்துப் பழகிய கை. ஒடுக்கின் நடுவில் அவர் தட்டவில்லை. விளிம்பில், சுற்றிவர, மெல்ல, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் மூச்சுவிட இடம் கொடுத்துத் தட்டினார். இரும்பு உள்ளேயிருக்கும் பித்தளையில் உட்காரும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். உட்காராத இடத்தில் பொக்கையாக வரும். பொக்கைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கெட்டியானதும் கட்டையை ஒரு நெல்லளவு முன்னால் தள்ளினார். மறுபடி வெந்நீர். மறுபடி தட்டல். விசிறி இல்லை. வியர்வை அவர் மூக்கு நுனியில் திரண்டு சாக்கில் விழுந்தது. கடற்காற்று இன்னும் எழவில்லை. தெருவில் கருவாட்டு வாசனை அசையாமல் நின்றது.

அந்த வேலை நடந்தபோது செல்வநாதனுக்கு ஒன்று தெரிந்தது. வால்டர் இறந்த பிறகு அவர் காது வேறு எதையும் இவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை. அதுவும் ஒரு நினைப்பாக வந்துபோயிற்று, அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டை பாதியில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. "இரும்புக் கம்பியால ஒண்ணு போட்டா வந்துடும் நைனா" என்றான் ஹென்றி.

"உள்ள கீறல் விழும். ஓடி எங்க போவப் போவுது? இருக்கட்டும்."

எண்ணெய் விட்டுக் காத்திருந்த அந்த நேரத்தில்தான் தேவப்பிரியம் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலியில் சிலுவை, கையில் விசிறி.

"இன்னா அண்ணாத்தே, பாத்திரக் கடை வச்சிட்டீங்களா? தெரு முனைவரைக்கும் கேக்குது தட்டற சத்தம்."

"வா தேவப்பிரியம். உக்காரு."

"உக்கார நேரமில்ல. சும்மா பாத்துகினு போவலாம்னு. ஏன் அண்ணாத்தே, துக்கம் கீற வூடு. யாரு இன்னா சொல்லப் போறா? ஒரு வருசம் நாங்க வெடிக்கிறோம். அடுத்த வருசம் பேசிக்கலாம்."

"அடுத்த வருசம் யாருகிட்ட பேசறது?"

"எங்ககிட்டதான்" என்று தேவப்பிரியம் சிரித்தார். பரசுராமனும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "பேஜாரான ஆளுய்யா நீ" என்றார். தேவப்பிரியம் குனிந்து குழலுக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள இன்னாவோ அடைச்சிகினு கீது?"

"கட்டை சிக்கிடுச்சு."

"இதுக்கா இந்தப் பாடு? ஒரு தோட்டாவப் போட்டு உட்டா கட்டை தானா பறந்துட்டுப் போவுது."

ஹென்றியின் கண் பரசுராமனிடம் போய் அப்பாவிடம் வந்தது. அது ஒரு யோசனையாக அவனுக்குப் பட்டிருக்கிறது என்பதை இருதயம்மாள் அடுப்படியிலிருந்தே பார்த்தாள்.

"உன் வூட்டுத் துப்பாக்கியில ஒரு கட்டைய அடிச்சி, அப்பிடி சுட்டுப் பாரு தேவப்பிரியம்" என்றார் செல்வநாதன். "கண்டிப்பா நான் வரேன். மாலை வாங்கிகினு வரேன்."

"சும்மா சொன்னா கோச்சிக்கிறீங்களே" என்று தேவப்பிரியம் விசிறியை மடக்கிக்கொண்டு போனார். ரோசி கொண்டுவந்த காப்பியைக் குடிக்கவில்லை.

கட்டையை முன்வாயிலிருந்து மரக்கோலால் மெல்லத் தட்டி வந்த வழியே வெளியே எடுத்தார்கள். ஓரத்தில் பரசுராமன் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி விட்டார்கள். வெயில் வாசலைத் தாண்டிச் சுவரில் ஏறியபோது மூன்றாவது கட்டை, எண்ணெய் பூசியது, குழலைச் சாய்த்துப் பிடித்ததும் எந்தக் கோலும் இல்லாமல் தானாக வழுக்கி இறங்கி பரசுராமனின் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

செல்வநாதன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வளையங்கள் முழுசாக நின்றன. வெளியே ஒரு இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் வைத்துப் பார்த்தார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஹென்றியிடம் நீட்டினார். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"சரியாய்டுச்சா?" என்று கேட்டான்.

"சோதிச்சாத்தான் தெரியும்."

இருதயம்மாள் சோறு போட்டாள். கிழங்கான் மீன் குழம்பு. பரசுராமன் மட்டும் ருசித்துச் சாப்பிட்டார். "வால்டரு இருந்தா இந்தத் தலைய எனக்கு உட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் குனிந்துகொண்டார். ரோசி எழுந்துபோய் இன்னொரு மீன் தலையைக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தாள்.

சோதிக்கக் காட்டுப்பள்ளிக்குப் போனார்கள், செல்வநாதனும் பரசுராமனும் ஹென்றியும். எண்ணூர்வரை ரயில், அங்கிருந்து உப்பங்கழியைத் தாண்டப் படகு. அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும் மணலும்தான். ஆள் நடமாட்டம் இல்லை. கரையில் கிடந்த பழைய படகின் கட்டையில் துப்பாக்கியைக் கயிற்றால் இறுகக் கட்டினார்கள், முனை கடலைப் பார்த்து. விசையில் நீளமான நூல்கயிற்றைக் கட்டி, மணல்மேட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார்கள். எல்லோரும் பின்னால் வந்தாயிற்றா என்று செல்வநாதன் தலையை எண்ணுவதுபோலப் பார்த்தார். பிறகு இழுத்தார்.

சத்தம் தோப்புக்குள் போய்த் திரும்பி வந்தது. நீர்க்காகங்கள் எழுந்தன. புகை கலையும்வரை யாரையும் எழவிடவில்லை. போய்ப் பார்த்தார்கள். குழலைத் தொட்டுத் தடவினார், உள்ளே பார்த்தார். மறுபடி ஒன்று போட்டு இழுத்தார். மறுபடி பார்த்தார். ஒன்றும் இல்லை. புதுக்குழல்போல நின்றது.

"வால்டரு கட்டின தோட்டா" என்றார் பரசுராமன், மணலைத் தட்டிக்கொண்டே. "இன்னா சத்தம் பாத்தியா நைனா? காது இன்னும் கொய்யுனு கீது."

செல்வநாதன் தலையை ஆட்டினார். அவருக்கு அது தொலைவில், பக்கத்து வீட்டில் கேட்டதுபோல இருந்தது.

ஹென்றிதான் முதலில் வீட்டுக்குள் போனான். "யம்மா, சூப்பரா கீது குழலு. ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்துட்டோம். இனிமே பயமே இல்ல. நான்தான் சுடப்போறேன், நைனா சொல்லிட்டாரு."

இருதயம்மாள் அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "கை கால் கழுவிகினு வா" என்றாள்.

கொடியேற்றத்தன்று காலை செல்வநாதன் மழித்து, குளித்து, கஞ்சி போட்ட சட்டை அணிந்து கூடத்துக்கு வந்தார். ஹென்றியும் வெள்ளைச் சட்டையில் நின்றான். அண்ணனின் சட்டை, தோளில் கொஞ்சம் தொளதொளத்தது. ரோசி தோட்டா டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

டப்பாவைத் திறந்ததும் செல்வநாதனின் விரல் நின்றது. காகிதக் கூடுகள் ஊதி, நிறம் மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றைப் பிரித்தெடுத்துக் குழலின் பின்வாயில் வைத்து அழுத்தினார். பாதிக்குமேல் போகவில்லை. எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அரிசி கழுவிய தண்ணீர் வாடை.

"யாரு?"

இருதயம்மாள் அடுப்படி வாசலில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் மீன். "நான்தான்" என்றாள். "ராப்பூரா ஊற வச்சேன். காலையிலே எடுத்துத் தொடைச்சு வச்சேன்."

"நான்தான் மாமா எடுத்துக் குடுத்தேன்" என்றாள் ரோசி.

"அது உம்புருஷன் கையால கட்டினது."

"தெரியும் மாமா."

செல்வநாதன் மனைவியைப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடம் அது. அவர் காத்திருந்தார்.

"குழலு நல்லா கீது, இருதயம். உனக்குத் தெரியாது. நானே என் கையால பாத்தேன். ரெண்டு தடவை சோதிச்சேன்."

"சோதிச்சீங்க. இல்லேன்னு சொன்னேனா?" அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை, கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் இருந்தது. "அன்னிக்கி அந்தக் காண்ட்ராக்டரு ஆளு, பெட்டி இங்க வச்சிருந்தப்ப, இதே கூடத்துல நின்னுகினு சொன்னான். போன வாரம்தாம்மா சோதிச்சோம், சோதிச்ச கயிறும்மா அதுன்னு. ஹென்றி வந்து சொல்றான், சோதிச்சு பாத்துட்டோம்மான்னு. அதே வார்த்தை. எனக்கு வேற ஒண்ணும் தெரில. டப்பாவக் குடுன்னு கேட்டேன். அவ குடுத்தா."

மீனைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கம் சுரண்டினாள்.

தெருவில் பேண்டுக்காரர்கள் சுதி சேர்க்கும் சத்தம் கேட்டது. ஹென்றி மெல்லச் சொன்னான். "நைனா, ரங்கூன் வூட்ல தோட்டா இருக்கும். கேட்டா குடுப்பாங்க."

"குடுப்பாங்க. சந்தோசமா குடுப்பாங்க. ஏன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவே? எங்கம்மா கழுநீர்ல போட்டுட்டான்னு சொல்லுவியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். செல்வநாதன் நனைந்த தோட்டாக்களை டப்பாவுக்குள் அடுக்கி மூடினார். துப்பாக்கியை எடுத்தார், மடித்தபடியே கைமேல் போட்டுக்கொண்டார். சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டார். "வாடா" என்றார்.

கொடிமரத்தடியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவர்களுக்கு வழிவிட்டது. கமிட்டிக்காரர்கள் வணக்கம் சொன்னார்கள். பரசுராமன் வியாசர்பாடியிலிருந்து தன் மனைவியையும் கூட்டி வந்து முன்வரிசையில் நின்றிருந்தார். தான் சரிசெய்த குழல் வெடிப்பதைக் காட்டக் கூட்டி வந்திருந்தார். தேவப்பிரியம் தன் துப்பாக்கியை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். நேர்மையாகவே வந்திருந்தார்; ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வருவார்.

கொடி கட்டியாயிற்று. பங்குச் சாமியார் கொடியை மந்திரித்தார். கொடி இழுப்பவர்கள் கயிற்றில் கை வைக்கும்முன் செல்வநாதன் நேராகத் தேவப்பிரியத்திடம் நடந்தார்.

"நீ சுடு."

தேவப்பிரியத்துக்கு உடனே புரியவில்லை. "இன்னா அண்ணாத்தே?"

"கொடி ஏறப்போவுது. நீ சுடு."

"குழலு சரியா வரலையா அண்ணாத்தே?" அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பரசுராமனுக்குக் கேட்டது. அவர் செல்வநாதனின் முகத்தைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் பரசுராமனின் வேலை நிமிர்ந்து நிற்கும். அந்த வார்த்தையைச் சொன்னால் இருதயம்மாளின் பெயர் மாலைக்குள் மீன் சந்தையில் கிடக்கும். செல்வநாதன் மூன்றாம் முறையாக, அதே குரலில், "நீ சுடு" என்றார். பிறகு மகனின் பக்கத்தில் போய், முதுகு வளையாமல் நின்றுகொண்டார்.

கொடி ஏறிற்று. ரங்கூன் வீட்டுத் துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. கடைத் தோட்டா, சத்தம் சின்னதுதான். மணி அடித்தார்கள். ஹென்றி இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். செல்வநாதன் கொடியைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் ஏதோ கறுப்பு, மண்ணெண்ணெய்க் கறையாக இருக்கலாம். அதைப் பார்த்தபடியே பாட்டு முடியும்வரை நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பரசுராமன் மனைவியை பஸ் ஏற்றிவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். கூடத்தில் செல்வநாதன் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார். பரசுராமன் ஒரு தோட்டாவை எடுத்தார், நசுக்கிப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார். டப்பாவை மூடினார்.

"உன் பேருக்குத்தான் கெடுதி" என்றார் செல்வநாதன். "நான் வெளியில வாயத் திறக்க முடியாது."

"தெறக்காத நைனா. ஊரு இன்னா வேணா பேசிகினு போவட்டும். எனக்கு மாசச் சம்பளம் ஊரா குடுக்குது?" சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார். "யம்மா, அந்த மீனு வெந்துச்சா இல்லியா?"

இருதயம்மாள் இலை போட்டாள். ஹென்றிக்கு முதலில் பரிமாறினாள். அவன் கை சோற்றில் இருந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்வநாதன் தன் இலைக்கு முன் உட்கார்ந்து, "எனக்கும் போடு" என்றார். போட்டாள்.

அதன் பிறகு கொடியேற்ற வெடி ரங்கூன் வீட்டுக்கே நின்றுவிட்டது. செல்வநாதன் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

துப்பாக்கிக்காரர் வீட்டுக் குழல் அன்று கொடிமரத்தடியில் வெடித்துச் சிதறிற்று என்றும், ஹென்றிக்கு ஒரு கண் போயிற்று என்றும், வியாசர்பாடிக்காரன் கடைந்த கட்டை உள்ளேயே இருந்துவிட்டதுதான் காரணம் என்றும் ராயபுரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். மூன்று கட்டைகளையும் பரசுராமன் அன்றே துணியில் முடிந்து எடுத்துப் போய்விட்டார். ஹென்றிக்கு இரண்டு கண்களும் நன்றாக இருக்கின்றன. குழலில் எந்தக் குறையும் இல்லை. அன்று அந்தத் துப்பாக்கியை யாரும் சுடவில்லை, தோட்டாக்கள் நனைந்திருந்தன.